துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களை மூச்சுக்குழாய்ச் செல்களில் சோதிக்கும் முறை

துத்தநாகப் பூச்சுள்ள இரும்பை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகையில் துத்தநாக ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள் நிறைந்திருக்கின்றன. அதைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வருவது நெடுங்காலமாக அறியப்பட்டதே. அத்துகள்கள் மூச்சுக்குழாயின் உட்சுவர்ச் செல்களை என்ன செய்கின்றன என்று ஆய்வகத்தில் பார்க்க விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் செல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் எடுக்கும் ஏ549 என்ற ஆய்வகச் செல் வகை வளர்ப்பதற்கு எளிது. ஆனால் அது நுரையீரல் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, காற்றறைச் செல்லின் இயல்பைக் கொண்டது. மூச்சுக்குழாயைப் பற்றிய கேள்விக்கு, சளி சுரந்து இறுக்கமான படலமாக வளரும் காலு-3 என்ற செல் வகை பொருத்தமானது. மனிதரிடமிருந்து நேரடியாகப் பெற்ற செல்கள் இன்னும் நல்லவை. ஆனால் குற்றிழைகளும் (சளியைத் தள்ளும் நுண்மயிர்கள்) சளியும் தோன்ற மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். எதுவானாலும் இன்சர்ட்டில் (அடியில் துளைப்படலம் உள்ள சிறு கிண்ணம்) வளர்த்து, செல் படலம் நிறைந்தபின் மேற்புற ஊடகத்தை (செல்லுக்கு ஊட்டம் தரும் திரவம்) நீக்கி, மேலே காற்றும் கீழே ஊடகமும் இருக்கும்படி விடுங்கள்.

செல் படலம் எவ்வளவு இறுக்கமாக உள்ளது என்று அறிய, சோதனைக்கு முன் அதன் குறுக்கே மின்தடையை அளக்க வேண்டும். 0.33 ச.செ.மீ. பரப்புள்ள இன்சர்ட்டில் கருவி 1200 ஓம் காட்டி, செல் இல்லாத இன்சர்ட் 150 ஓம் காட்டினால், வேறுபாடான 1050-ஐப் பரப்பால் பெருக்கி ஏறத்தாழ 347 ஓம்·ச.செ.மீ. என்று குறிக்க வேண்டும். பரப்பால் வகுத்துவிடும் பிழையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காலு-3 படலத்தில் 300-க்குக் கீழே நிற்கும் இன்சர்ட்டுகளை நான் சோதனைக்கு எடுப்பதில்லை.

துகள் பொடியைப் புகைபோக்கிப் பெட்டிக்குள் எடையிட்டு, ஊடகத்தில் கலந்து, பனிக்கட்டியில் வைத்து மீயொலியால் சிதறச் செய்யுங்கள். பொடி உறையில் அச்சிட்ட அளவு 30 நானோமீட்டராக இருந்தாலும், திரவத்தில் துகள்கள் ஒட்டிக்கொண்டு சில நூறு நானோமீட்டர் கட்டிகளாகிவிடக்கூடும். ஆகவே செல்மீது ஊற்றும் அதே கரைசலில், அதே நேரத்தில் அளவைச் சரிபார்க்க வேண்டும். செறிவை மட்டும் எழுதி நிறுத்துவதும் போதாது: மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கரைசலில் 100 மைக்ரோலிட்டரை மேற்சொன்ன 0.33 ச.செ.மீ. இன்சர்ட்டில் இட்டால், எல்லாத் துகளும் படிந்தாலும் சதுர சென்டிமீட்டருக்கு 3 மைக்ரோகிராம்தான். செல் உணர்வது இந்த எண்ணைத்தான்.

இனி முக்கியமான கட்டம். துத்தநாக ஆக்சைடு செல்லுக்குள் லைசோசோம் எனும் செரிமானப் பையின் அமிலச் சூழலில் கரைந்து துத்தநாக அயனிகளை விடுகிறது. அவை செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் குலைத்து, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தூண்டி, அதைத் தடுக்கும் குளுட்டாதயோனின் இருப்பைக் குறைத்து, இன்டர்லூக்கின்-8 போன்ற அழற்சிச் செய்திகளை அனுப்ப வைக்கின்றன. கரைதல் ஊடகத்திலேயே தொடங்கிவிடுவதால், கண்ட நச்சுத்தன்மை துகளுடையதா, அயனியுடையதா என்பது தானாகத் தெரியாது. அதனால் சில இன்சர்ட்டுகளில் துகளுக்குப் பதில் துத்தநாக சல்ஃபேட்டை இடுங்கள். ஆக்சைடின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு துத்தநாகம் என்பதால், 1 மைக்ரோகிராம் துகளுக்கு 0.8 மைக்ரோகிராம் துத்தநாகம் வரும்படி அந்த உப்பை அளந்துகொள்ளலாம். டைட்டானியம் டையாக்சைடு போன்ற கரையாத துகளையும் உடன் வைத்தால் ஒப்பீடு தெளிவாகும்.

அளவீடுகளும் ஏமாற்றும். துகள்கள் ஒளியைச் சிதறடித்து, செல் உயிரோடிருப்பதை நிறமாற்றத்தால் காட்டும் எம்.டி.டி. சோதனையின் வாசிப்பை மாற்றலாம், சேதமடைந்த செல்லிலிருந்து கசியும் எல்.டி.எச். நொதியும் இன்டர்லூக்கின்-8-உம் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால், பாதிப்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். செல் இல்லாத இன்சர்ட்டில் துகளை மட்டும் இட்டு வாசியுங்கள். அறிந்த அளவு இன்டர்லூக்கின்-8-ஐத் துகள் கரைசலில் கலந்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். பொடியில் பாக்டீரிய எண்டோடாக்சின் கலந்திருந்தால் அதுவே அழற்சியைத் தூண்டும் என்பதால், அதைக் கண்டறியும் லிமுலஸ் சோதனையை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

மின்தடை, எல்.டி.எச்., இன்டர்லூக்கின்-8 ஆகியவற்றை 4 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் எடுக்கலாம். இன்டர்லூக்கின்-8-ஐ, பெரும்பாலான செல்கள் உயிரோடிருக்கும் அளவுகளில் மட்டுமே ஒப்பிடுங்கள். செல்கள் செத்து விழுந்த இன்சர்ட்டில் சுரப்பு குறைவதை அழற்சி தணிந்ததாக வாசித்துவிடக் கூடாது.