ஜப்பான்–அமெரிக்கா கதையில் நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஹிரோஷிமா தினம் வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்ற ஆரம்பித்துவிடும். ஜப்பானியப் பிரதமர் சொன்ன ஒரு சொல்லை அமெரிக்கர்கள் தப்பாக மொழிபெயர்த்துவிட்டார்களாம், அதனால்தான் அணுகுண்டு விழுந்ததாம். மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவனுக்கு இந்தக் கதை பிடிக்காமல் இருக்குமா? நானே ஒரு மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். பிறகு ஒருநாள் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அந்தச் சொல் 'மொகுசாட்சு'. எழுத்துகளைப் பிரித்தால் மௌனம், கொல். கண்டுகொள்ளாமல் விடுவது, அலட்சியமாக ஒதுக்குவது, இப்போதைக்கு வாய் திறக்காமல் இருப்பது என்று பொருளை எப்படியும் இழுக்கலாம். ஜப்பானைச் சரணடையச் சொன்ன போட்ஸ்டாம் அறிவிப்பு வெளியானது 1945 ஜூலை 26. பிரதமர் சுசுகி கந்தாரோ நிருபர்களிடம் இதைச் சொன்னது 28. ஆனால் குண்டு போடும் உத்தரவு 25ஆம் தேதியே போய்விட்டது. ஆகஸ்ட் 3 வாக்கில் வானிலை ஒத்துவந்ததும் ஹிரோஷிமா, கொகுரா, நீகாடா, நாகசாகி இவற்றில் ஒன்றின் மேல் போடலாம் என்றது அது. அறிவிப்பை ஜப்பான் ஏற்றிருந்தால் உத்தரவை நிறுத்தியிருக்கலாம், சரி. ஆனால் சுசுகியின் சொல்லை எவ்வளவு மென்மையாக மொழிபெயர்த்தாலும் 'ஏற்கிறோம்' என்று வராது. மொழிபெயர்ப்பாளன் தலையில் இந்தப் பழியைப் போட வேண்டாம்.

அடுத்தது 1853. 'உலகம் தெரியாமல் கதவடைத்துக் கிடந்த ஜப்பான், அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் நான்கு நீராவிக் கப்பல்களைக் கண்டு நடுங்கியது' என்று எழுதுவோம். கப்பல்கள் நான்குதான், அதில் நீராவியில் ஓடியவை இரண்டு. மற்ற இரண்டும் பாய்மரக் கப்பல்கள். நாகசாகித் துறைமுகத்தின் தெஜிமா தீவில் டச்சுக்காரர்கள் இரண்டு நூற்றாண்டாக வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள், உலகச் செய்திகளும் அவர்கள் வழியாக வந்தன. அமெரிக்கக் கப்பல்கள் வரப்போவதை 1852இலேயே சொல்லிவிட்டார்கள். கரையில் நின்ற சாதாரண மக்களுக்குத்தான் அது அதிர்ச்சி, நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் அரசுக்குத் தகவல் முன்பே தெரியும்.

அந்தச் சமயத்தில் பெர்ரியை நீண்ட மூக்கு வைத்து, தெங்கு என்ற மலைப்பூதம் மாதிரி வரைந்த படங்கள் உண்டு. கட்டுரைக்குக் கட்டுரை அதையே போடுகிறோம். தெருவில் விற்ற செய்தித்தாள்களில் கப்பலின் நீளம் எவ்வளவு, பீரங்கி எத்தனை என்று கணக்காகப் போட்டிருந்ததை யாரும் எடுத்துப் போடுவதில்லை. பூதம் பார்க்க நன்றாக இருக்கிறது, என்ன செய்ய.

ஒரு பக்கம் பார்க்கிறது, மறுபக்கம் பார்க்கப்படுகிறது என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் தவறு. 1860இல் ஜப்பானியத் தூதுக்குழு வாஷிங்டனுக்குப் போனது. துணைத் தூதர் முராகாகி நோரிமாசா அமெரிக்கக் காங்கிரஸைப் பார்த்துவிட்டு, எடோவின் (இன்றைய டோக்கியோ) நிஹோன்பாஷி மீன் சந்தை மாதிரி இருக்கிறது என்று நாட்குறிப்பில் எழுதினார். அதே ஆண்டு சான்பிரான்சிஸ்கோ போன ஃபுகுசாவா யுகிச்சி, ஜார்ஜ் வாஷிங்டனின் வாரிசுகள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒருவரிடம் விசாரித்தார். அவர் மனதில் இருந்தது, அப்போதும் ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த ஷோகன் வம்சத்தை நிறுவிய தொகுகாவா இயெயாசுவின் பரம்பரை. பதில் சொன்னவரோ, 'ஒரு மகள் இருப்பார் என்று நினைக்கிறேன், யாருக்கோ மனைவியாக' என்று அசிரத்தையாகச் சொல்லிவிட்டார். ஃபுகுசாவா திகைத்துப்போனார். (வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகளே இல்லை என்பது வேறு கதை.)

அப்புறம் போர்க்கால முகாம்கள். 'பேர்ல் ஹார்பர் பயத்தில் அமெரிக்கா ஜப்பானியர்களை அடைத்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். 1942 முதல் அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,20,000 பேர், பெரும்பாலும் மேற்குக் கரையில் வாழ்ந்தவர்கள். மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1941இல் ஜப்பான் குண்டு போட்ட பேர்ல் ஹார்பர் இருக்கும் ஹவாயில் மக்கள்தொகையில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர், ஆனால் அங்கே ஒன்றிரண்டு ஆயிரம் பேரைத்தான் பிடித்து வைத்தார்கள். அவ்வளவு பேரையும் அடைத்தால் தோட்டத்திலும் தச்சு வேலையிலும் ஆள் இருக்காது. மேற்குக் கரையிலோ பகை பழையது: 1906இல் சான்பிரான்சிஸ்கோ பள்ளி வாரியம் ஜப்பானியப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்குப் போகச் சொன்னது, 1924 சட்டம் ஜப்பானியர் குடியேற்றத்தையே மூடியது. பயம் மட்டும்தான் காரணம் என்றால் ஹவாயில்தான் முகாம்கள் நிரம்பியிருக்க வேண்டும்.

1980களைப் பற்றி எழுதும்போது 'ஜப்பான் அமெரிக்காவையே வாங்கிவிட்டது' என்ற அன்றைய கூச்சலை அப்படியே நகலெடுக்காதீர்கள். 1989இல் மிட்சுபிஷி எஸ்டேட் ராக்ஃபெல்லர் மையத்தின் பெரும்பங்கை வாங்கியதும் ஊரே கொதித்தது. அப்போது அமெரிக்காவில் அதிக நேரடி முதலீடு வைத்திருந்த வெளிநாடு பிரிட்டன். அதைப் பற்றி யாரும் கத்தவில்லை.

கடைசியாக, போர்க்காலச் சுவரொட்டிகளை மக்கள் மனதின் நகலாக எடுத்துக்கொள்வது. 1927இல் அமெரிக்கப் பிள்ளைகள் ஜப்பானியப் பள்ளிகளுக்கு நட்பின் அடையாளமாக 12,000க்கு மேற்பட்ட பொம்மைகளை அனுப்பினார்கள். ஜப்பான் பதிலுக்கு 58 பொம்மைகளை அனுப்பியது. போர் வந்ததும் அந்த நீலக்கண் பொம்மைகள் எதிரியாகிவிட்டன. பெரும்பாலானவை உடைந்தன, எரிந்தன. சில ஆசிரியர்கள் மட்டும் தங்கள் பள்ளிப் பொம்மையை யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்தார்கள். முந்நூறு சொச்சம் பொம்மைகள் இன்னும் இருக்கின்றன.