பிள்ளை சின்னதாக இருக்கும்போதே பெயரைப் பதியுங்கள்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

கனடாவுக்கு வந்து இறங்கிய முதல் மாதங்கள் வீடு, வேலை, சின் நம்பர், ஹெல்த் கார்ட் என்று ஓடித் திரிவதிலேயே போய்விடும். பிள்ளைக்கு இரண்டு வயது, மூன்று வயது என்றால் "பள்ளிக்கூடம் போகிற காலம் வரட்டும், பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் விட்டோம். மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது வந்தோம். டேகெயாருக்கு, அதாவது பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் நிலையத்துக்கு, சப்சிடி என்ற கட்டண உதவி ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியவந்தபோது அவளுக்கு மூன்று முடிந்திருந்தது. விண்ணப்பித்து எங்கள் முறை வருவதற்குள் அவள் ஜே.கே. என்ற பள்ளிக்கூடத்தின் முதல் வகுப்புக்கே போய்விட்டாள். அதுவரை பகலில் கணவர் வேலைக்கு, இரவில் நான் வேலைக்கு என்று மாறி மாறிப் போனோம். ஒருவர் உள்ளே வர மற்றவர் வெளியே போக, வாசலில் இரண்டு வார்த்தை பேசுவதுதான் குடும்பம் என்று இருந்தது.

அந்தக் காலம் இனித் திரும்பி வராது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உதவி இருக்கிறது. ஆனால் அது வீடு தேடி வராது. பெயர் பதிந்தவருக்கும், வரிப் படிவம் நிரப்பியவருக்கும்தான் வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "பத்து டொலர் டேகெயார்" என்று எல்லோரும் பேசுவது ஒன்று. சப்சிடி என்பது வேறொன்று. பத்து டொலர்த் திட்டம் மத்திய அரசுக்கும் மாகாணத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒன்ராறியோ அதில் 2022 மார்ச்சில் கையெழுத்திட்டது. 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்து, சராசரி ஒரு நாளைக்கு 10 டொலருக்குக் கொண்டுவருவது அதன் இலக்கு. 2025 ஜனவரியிலிருந்து, திட்டத்தில் சேர்ந்த நிலையங்கள் ஒரு நாளைக்கு 22 டொலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்க முடியாது. இதற்கு வருமானம் பார்ப்பதில்லை. டாக்டரின் பிள்ளைக்கும் அதுதான், பக்ரறியில் வேலை செய்பவரின் பிள்ளைக்கும் அதுதான்.

ஆனால் 22 டொலர் என்றாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 480 டொலர் வரும். பேஸ்மென்ட் வாடகையும் கட்டி, பஸ் பாஸும் எடுத்து, ஊருக்கும் ஏதாவது அனுப்பும் ஒரு குடும்பத்துக்கு அது பெரிய காசு. அங்கேதான் சப்சிடி வருகிறது. அது வருமானம் பார்த்துத் தரப்படுவது.

கணக்கு இப்படி. பெற்றோர் இருவருடைய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வரிப் படிவத்தில் 23600 என்ற வரியில் வரும் தொகைதான் அடிப்படை. அது வருடத்துக்கு 20,000 டொலருக்குள் என்றால் நீங்கள் எதுவும் கட்டத் தேவையில்லை. 20,000 முதல் 40,000 வரை உள்ள பகுதியில் 10 சதவீதம் கட்ட வேண்டும். 40,000க்கு மேலே போகும் பகுதியில் 30 சதவீதம். ஆக, இருவரும் சேர்ந்து 30,000 டொலர் உழைக்கும் குடும்பத்தின் பங்கு வருடத்துக்கு 1,000 டொலர், மாதம் 83 டொலர் அளவில். 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பத்து டொலர்த் திட்டத்தினால் இதிலிருந்தும் ஒரு பகுதி கழிகிறது. மீதிக் கட்டணத்தை அரசு நேரடியாக நிலையத்துக்குக் கட்டும், உங்கள் கைக்கு வராது. கனடா பிள்ளைகள் கொடுப்பனவாக வரும் காசு இந்த வருமானக் கணக்கில் சேராது. அதைச் சேர்த்துப் பார்த்து "எங்களுக்குக் கிடைக்காது" என்று நீங்களே முடிவெடுத்துவிடாதீர்கள்.

இந்தப் பணம் ஒட்டாவாவிலிருந்தும் மாகாணத்திலிருந்தும் புறப்பட்டு உள்ளூராட்சியின் கையில் வந்து சேர்கிறது. ஒன்ராறியோ முழுவதும் இதற்காக 47 உள்ளூர் நிர்வாகங்கள் இருக்கின்றன. நீங்கள் விண்ணப்பிப்பது அவற்றில் ஒன்றிடம்தான். ஸ்காபரோவில் இருந்தால் ரொறன்ரோ நகரம். மார்க்கம் என்றால் யோர்க் பிராந்தியம். ஏஜாக்ஸ் என்றால் டர்ஹம். பிரம்டன், மிசிசாகா என்றால் பீல். நம் ஆட்கள் வாடகை கொஞ்சம் குறைவு என்று அடிக்கடி வீடு மாறுகிறோம். ரொறன்ரோவின் வடக்கு எல்லையான ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் அது வேறு நிர்வாகம், அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சப்சிடி கிடைத்துக்கொண்டிருக்கும்போதோ, பட்டியலில் காத்திருக்கும்போதோ வீடு மாற நினைத்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே உங்கள் அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

இனி மிக முக்கியமான விஷயம்: வரிசை ஒன்று அல்ல, இரண்டு.

சப்சிடிக்கான பட்டியல் உள்ளூராட்சியிடம் இருக்கிறது. டேகெயாரில் இடத்துக்கான பட்டியல் ஒவ்வொரு நிலையத்திடமும் தனித்தனியாக இருக்கிறது. ஒன்றில் பெயர் கொடுத்தால் மற்றதிலும் தானாகச் சேர்ந்துவிடும் என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். சப்சிடி வந்துவிட்டது, இடம் இல்லை; அல்லது இடம் வந்துவிட்டது, சப்சிடி இல்லை. இரண்டிலும் ஒரே வாரத்தில் பெயர் கொடுங்கள். வீட்டுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகும் வழியில் என்று நாலைந்து நிலையங்களிலாவது கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: பத்து டொலர்த் திட்டத்தில் சேர்ந்திருக்கிறீர்களா? சப்சிடி பிள்ளைகளை எடுக்கிறீர்களா? இரண்டுக்கும் "ஆம்" என்று சொல்லும் இடம்தான் உங்களுக்கு வேண்டியது. பெயர் பதிவதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். காத்திருப்போர் பட்டியலுக்குக் கட்டணம் வாங்குவது ஒன்ராறியோவில் 2016 செப்டம்பரிலிருந்து தடை.

வேலை கிடைத்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருப்பது அடுத்த பிழை. சப்சிடி தொடங்கும்போது பெற்றோர் வேலையிலோ படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது உண்மை. வேலை தேடுவதற்கும் குறிப்பிட்ட காலம் கொடுப்பார்கள். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ விசேட தேவை இருந்தால் அதுவும் ஒரு காரணம். ஆனால் வரிசையில் நிற்க இன்றைக்கே வேலை வேண்டியதில்லை. அப்புறம், தொலைபேசி இலக்கம் மாறினால் அன்றைக்கே அறிவியுங்கள். புதிதாக வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போன் பிளான் மாற்றுவோம். முறை வந்து அழைக்கும்போது எடுக்க ஆள் இல்லாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

கணக்கில் காட்டாமல் கையில் காசு தரும் கைக்காசு வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் சிலருக்கு அதுதான் கிடைக்கிறது, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சம்பளத் துண்டு இல்லை, வருட முடிவில் முதலாளி தரும் ரி4 என்ற சம்பளப் பத்திரம் இல்லை என்றால் நீங்கள் வேலை செய்கிறீர்கள் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. அப்போது சப்சிடி அலுவலகத்தில் என்ன காட்டுவீர்கள்? மணிக்கு ஒரு டொலர் குறைவாக இருந்தாலும் கணக்கில் வரும் வேலை, சின்னப் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு முடிவில் லாபம்தான். வருமானமே இல்லாத வருடம் என்றாலும் கணவன் மனைவி இருவரும் வரிப் படிவம் நிரப்புங்கள். குறைந்த வருமானக்காரருக்கு இலவசமாக நிரப்பிக் கொடுக்கும் தொண்டர் முகாம்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் நடக்கும்.

அந்தப் படிவத்தில்தான் கனடா பிள்ளைகள் கொடுப்பனவும் தங்கியிருக்கிறது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான காலத்துக்கு 6 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 7,997 டொலர் வரை கிடைக்கும். குடும்ப வருமானம் 37,487 டொலருக்குள் இருந்தால் முழுத் தொகை. ஆர்.சி.66 என்ற படிவத்தோடு, புதிதாக வந்தவர்களுக்கான இணைப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பி.ஆர். என்ற நிரந்தர வதிவிடம் கிடைத்தவர்களும், அகதியாக ஏற்கப்பட்டவர்களும் உடனே விண்ணப்பிக்கலாம். வேலை அனுமதியிலோ படிப்பு அனுமதியிலோ வந்தவர்கள் தொடர்ந்து 18 மாதம் இங்கே இருந்து, 19ஆம் மாதத்தில் செல்லுபடியான அனுமதி வைத்திருந்தால் கிடைக்கும். அகதிக் கேஸ் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு முடிவு வரும்வரை இது இல்லை. பிள்ளை இங்கே பிறந்திருந்தாலும் பெற்றோரின் நிலையைத்தான் பார்ப்பார்கள். இது மனதை வருத்துகிற விதி. கேஸ் வென்ற கடிதம் கைக்கு வந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

கேஸ் காரர்கள் மனம் தளர வேண்டாம். உங்கள் பிள்ளைக்குத் திறந்திருக்கும் கதவுகளும் உண்டு. ஜே.கே. அதில் பெரியது. அந்த வருடம் டிசம்பர் 31க்குள் 4 வயது நிரம்பும் பிள்ளை செப்டம்பரில் முழுநாள் கின்டர்கார்டன் தொடங்கலாம். அரசுப் பள்ளி, கத்தோலிக்கப் பள்ளி இரண்டிலும் இலவசம். பெரும்பாலான வகுப்புகளில் ஆசிரியரோடு சிறுபிள்ளைக் கல்வி பயின்ற ஒருவரும் இருப்பார். பெற்றோருக்கு இங்கே நிலையான அனுமதி இல்லை என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோவின் கல்விச் சட்டமே சொல்கிறது. யாராவது தயங்கினால் பணிவாக, ஆனால் உறுதியாக, கல்விச் சபையின் தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள். பதிவு வருடத் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கும். தடுப்பூசி அட்டையை ஊரிலிருந்து வரும்போதே கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளையை வைத்திருக்கும் நேரத்துக்குத்தான் கட்டணம், அதற்கும் சப்சிடி கேட்கலாம்.

அடுத்தது எர்லி ஆன் நிலையங்கள். பிறந்த குழந்தை முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகளை நீங்களே கூட்டிக்கொண்டு போய் விளையாடவிட்டு, பாட்டுக்கும் கதைக்கும் கூட இருந்து வரலாம். முழுக்க இலவசம், வருமானமும் கேட்பதில்லை. அம்மம்மா, அப்பம்மா கூட்டிக்கொண்டு போகலாம். என் அம்மா ஊரிலிருந்து வந்து குளிர்காலம் முழுக்க நாலு சுவருக்குள் இருந்து வாடிப்போனவர். அங்கே போகத் தொடங்கிய பிறகுதான் அவருக்கும் இரண்டு சிநேகிதிகள் கிடைத்தார்கள், கூடப் போன பேரப்பிள்ளைக்கும் பேச்சு வந்தது. வீட்டில் தமிழிலேயே பேசுங்கள் என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னதும் அங்கே வேலை செய்யும் ஒரு ஆசிரியைதான். ஜே.கே. போகமுன் ஆங்கிலம் வர வேண்டும் என்று தமிழை நிறுத்திவிடாதீர்கள். ஆங்கிலம் பள்ளியில் வந்தே தீரும். தமிழ் வீட்டில் போனால் திரும்ப வருவது மிகவும் கஷ்டம்.

ஆங்கில வகுப்புக்குப் போக விரும்பும் அம்மாக்களுக்கு ஒன்று: மத்திய அரசின் பணத்தில் நடக்கும் லிங்க் வகுப்புகள் பி.ஆர். உள்ளவர்களுக்கும் அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் இலவசம். அவற்றில் பல இடங்களில், நீங்கள் படிக்கும் நேரத்தில் பிள்ளையை அதே கட்டடத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்வார்கள். வகுப்புக்குப் பதியும்போதே "பிள்ளை பராமரிப்பு உள்ள இடம் வேண்டும்" என்று சொல்லுங்கள். அதற்கும் வரிசை உண்டு.

பிள்ளை பேசுவது பிந்துகிறது என்று மனதில் பட்டால் "ஆம்பிளைப் பிள்ளை, மெல்லத்தான் பேசும்" என்று சொல்லும் உறவினரைக் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். பள்ளி தொடங்குவதற்கு முன்னான பிள்ளைகளுக்கு இலவசப் பேச்சுப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. டாக்டரின் கடிதம் இல்லாமல் பெற்றோரே அழைத்துப் பதியலாம். 18 மாதத்தில் பிள்ளையின் வளர்ச்சியை விரிவாகப் பார்க்கும் ஒரு பரிசோதனையும் குடும்ப டாக்டரிடம் உண்டு, அதைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக, வீட்டில் பிள்ளை பார்க்கும் அக்காமாரைப் பற்றி. நம் ஊர்ச் சாப்பாடு, நம் மொழி, குறைந்த காசு. மனம் அங்கேதான் போகும். நல்லபடியாகப் பார்ப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் உரிமம் இல்லாத ஒருவர் 5 பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அவருடைய சொந்தப் பிள்ளை 4 வயதுக்குக் கீழ் என்றால் அதுவும் அந்த 5இல் சேரும். நான் ஒரு பேஸ்மென்ட்டில் 9 பிள்ளைகளைக் கண்டு திரும்பி வந்திருக்கிறேன். போய்ப் பாருங்கள், எண்ணுங்கள், அவசரத்துக்கு வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சப்சிடியும் செல்லாது, 22 டொலர் வரம்பும் செல்லாது. உரிமம் பெற்ற வீட்டுப் பராமரிப்பு முகவரகங்கள் வழியாகப் போனால் வீட்டுச் சூழலும் இருக்கும், சப்சிடியும் கேட்கலாம். தமிழ் பேசும் பராமரிப்பாளர் இருக்கிறாரா என்று அவர்களிடமே விசாரியுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் சமூக சேவைகளைப் பற்றிச் சொல்லும் 211 என்ற தொலைபேசி இலக்கத்தை அழையுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ரொறன்ரோ நகருக்குள் என்றால் நகர நிர்வாகத்தின் இலக்கமான 311. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் குடிவரவுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், இருந்தால் கடைசி வரிக் கடிதம் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள். விண்ணப்பித்த திகதியையும் பேசியவரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்து, பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள்.