குன்னூர்க்காரனுக்கு எதற்கு குரூஸ் கண்ட்ரோல்?

மச்சான் இப்படித்தான் கேட்டார். ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமலே, வைத்த வேகத்தில் காரை ஓட்டும் வசதிதான் அது. நியாயமான கேள்வி. மேட்டுப்பாளையம் இறங்கும்வரை 14 கொண்டை ஊசி வளைவு, அதில் அந்தப் பொத்தானைத் தொடவே கூடாது. ஆனால் மாதம் ஒருமுறை சேலத்துக்கு மாமியார் வீடு; அவிநாசியில் நெடுஞ்சாலை ஏறினால் ஆக்சிலரேட்டரை ஒரே அழுத்தில் மிதித்து மிதித்து சங்ககிரிக்குள் என் கணுக்கால் மரத்துவிடும்.

என்னுடையது மேனுவல் கியர். சாலை காய்ந்து, நேராக, கூட்டமில்லாமல் இருக்கவேண்டும். டாப் கியரில் 80 வந்ததும் ஸ்டீயரிங்கில் ஆன், அப்புறம் செட், பிறகு காலை மெதுவாக எடுங்கள். பக்கத்திலேயே வேக வரம்புப் பொத்தானும் இருந்தால் கவனம்: அது வேகம் மீறாமல் தடுக்க மட்டும்தான், அதை அழுத்தினால் காலை எடுத்ததும் வண்டி சோர்ந்துவிடும். எடுத்த கால் பிரேக்குக்கு முன்னால் காத்திருக்கட்டும், சம்மணம் போடாதீர்கள். பிரேக்கையோ கிளட்சையோ தொட்டால் குரூஸ் அறுந்துவிடும்.

(இதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். அடுத்தவர் ஓட்டும் காரில் குலுங்கிக் குலுங்கிப் போவது பிடிக்காமல்தான் யோசித்தாராம். 1958-ல் கிரைஸ்லர் காரில் வந்தது. வாந்தியெடுக்கும் என் மகளுக்கு அவரைப் பிடித்திருக்கும்.)

நான் மாட்டிக்கொண்டது ரெஸ் (RES, ரெஸ்யூம்) பொத்தானில். விஜயமங்கலம் சுங்கச்சாவடி தாண்டி மூன்றாவது கியரில் 40-ல் போகிறேன், முன்னால் வைக்கோல் லாரி. 'மறுபடி ஆன்' என்று நினைத்து ரெஸ்ஸைத் தட்டினேன். அதற்கு அர்த்தம் அதுவல்ல. கடைசியாக வைத்த வேகத்துக்குத் திரும்பு என்று அர்த்தம். கடைசி வேகம் 90. வண்டி உறுமிக்கொண்டு லாரியை நோக்கிப் பாய, நான் பிரேக்கில் ஏறி நிற்க, பின்சீட்டிலிருந்து ஊட்டி வர்க்கி டேஷ்போர்டு வரை பறந்து வந்தது. பெருந்துறை வரை வீட்டம்மா பேசவில்லை.

அதிலிருந்து ரெஸ் எனக்கு ஆகாது. குரூஸ் அறுந்தால் காலால் வேகம் கூட்டி, புதிதாக செட். சாவடி தூரத்தில் தெரிந்ததுமே மெயின் பொத்தானையே அணைத்துவிடுகிறேன், அணைத்தால் பல வண்டிகளில் பழைய வேகம் மறந்துபோகும். இன்னொன்று, ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை மிதித்தால் குரூஸ் அறுவதில்லை; காலை எடுத்ததும் வைத்த வேகத்துக்கு வந்து அங்கேயே நிற்கும், அதற்குக் கீழே இறங்காது.

மழையில் வேண்டாம். தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கும்போது நீங்கள் காலை எடுப்பீர்கள், அது எடுக்காது. தூக்கம் வந்தாலும் வேண்டாம், டீ குடியுங்கள்.

பிற்சேர்க்கை: கோத்தகிரியிலிருந்து ஒருவர், தன்னுடையது ரேடார் வைத்த அடாப்டிவ் (முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் குரூஸ்), மலையில் போடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாங்க. முன்னால் போகும் பஸ் வளைவில் திரும்பியதும் ரேடாருக்கு அது மறைந்துபோகலாம். சாலை காலி என்று நினைத்து வளைவு நடுவில் வண்டி வேகமெடுக்கும். சாதாரண குரூஸ் பெரும்பாலும் பிரேக்கே போடாது, எரிபொருளைக் குறைப்பதோடு சரி, இறக்கத்தில் வைத்த வேகத்தைத் தாண்டி ஓடும். மலை இறங்கும் வழியில் பர்லியாறில் இரண்டாவது கியர்தான் உங்கள் குரூஸ். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியவர்களின் வண்டியை அடிவாரத்துக் கல்லாறில் மூக்காலேயே கண்டுபிடிக்கலாம், பிரேக் கருகிய வாடை.

மேட்டுப்பாளையம் தாண்டி அன்னூர் சாலை நேராகத்தானே போகிறது என்று இன்னொரு கேள்வி. அங்கேயும் நான் போடுவதில்லை. வாழைத்தார் ஏற்றிய டெம்போவும், தோட்டத்திலிருந்து திடீரென்று ஏறும் டிவிஎஸ் ஃபிப்டியும் செட் போட விடுவதில்லை.