சாஃப்ட்பால் மட்டையடிப் பயிற்சி: முதலில் பந்து, பிறகு மட்டை

பள்ளிக் குழுவில் சேர்ந்துவிட்ட பிள்ளைக்குச் சாஃப்ட்பால் பொருள்கள் வாங்கப் புறப்படும் பெற்றோர் பெரும்பாலும் மட்டையிலிருந்தே தொடங்குகிறார்கள். கடைச் சுவர் முழுவதும் மட்டைகள் மின்னிக்கொண்டிருக்க, பந்துகள் ஏதோ ஒரு மூலையில் கூடைக்குள் கிடப்பதால் அது இயல்பாகவே நேர்ந்துவிடுகிறது. ஆயினும் பயிற்சியைப் பொறுத்தவரை இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. எந்த இடத்தில் அடிக்கப் போகிறோம், அந்த இடத்துக்கு எந்தப் பந்து பொருந்தும் என்பவற்றை முடிவு செய்தால், எந்த மட்டை வேண்டும் என்பதற்கான விடை பாதிக்குமேல் தானாகவே கிடைத்துவிடும்.

முதல் படி: பயிற்சி இடத்தைப் பாருங்கள்

கோலாலம்பூரில் பள்ளித் திடல் எல்லா நாளும் நமக்குக் கிடைப்பதில்லை. காற்பந்துக் குழு ஒரு பக்கம், ஓட்டப் பயிற்சி மறுபக்கம் என்று திடல் நிரம்பியிருக்கும். அது காலியாகும் வேளையில் பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்திலோ, தாமான் பூங்காவின் ஓரத்திலோ, பள்ளியில் வலை கட்டிய ஒரு மூலையிலோதான் நடக்கும். உங்களுக்கு வாய்த்த இடங்கள் எவை, அவற்றின் அருகில் கார்களும் சன்னல்களும் சிறு பிள்ளைகளும் உண்டா என்பவற்றை முதலில் எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: இடத்துக்கேற்ற பந்து

பெயரில் மென்மை இருந்தாலும் ஆட்டப் பந்து மென்மையானதன்று. பெரியவர்களும் இடைநிலைப்பள்ளி மாணவர்களும் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், அதாவது ஏறக்குறைய 30.5 சென்டிமீட்டர், எடை 178 முதல் 198 கிராம் வரை. தொடக்கப்பள்ளி வயதினருக்கு 11 அங்குலப் பந்து கைக்கு அடங்கும். முற்காலத்தில் இலவம்பஞ்சை இறுக்கித் திணித்து இதன் உள்ளீட்டைச் செய்தார்கள். நம் ஊரில் கெக்காபு என்று தலையணைக்குள் அடைக்கிறார்களே, அதே பஞ்சுதான். இப்போது பெரும்பாலான பந்துகளின் உள்ளே இருப்பது பாலியூரித்தேன். மேலுறை தோலாகவோ செயற்கைத் தோலாகவோ இருக்கும். மஞ்சள் நிறமும் சிவப்பு நிறத்தில் புடைத்த தையலும் அதன் அடையாளங்கள்.

பந்தின் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது அவசியம். 47 என்பது பந்து எவ்வளவு வேகமாக மீண்டு தெறிக்கும் என்பதைக் குறிப்பது. 375 என்பது பந்தைக் கால் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு விசை தேவை என்பதைக் குறிப்பது. இவ்வெண் கூடக் கூடப் பந்தின் இறுக்கமும் கூடும். வேகப் பந்தெறி ஆட்டத்துக்கான பந்துகளில் இந்த இரண்டும் சேர்ந்து வருவதைப் பெரும்பாலும் காணலாம். 52, 300 என்று இருந்தால், அது மெதுவாக வளைத்து எறியும் வேறு வகை ஆட்டத்துக்குரிய பந்து. பள்ளிப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்கு அதை வாங்கித் தருவதில் பொருளில்லை, ஏனெனில் அடிக்கும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வே வேறாக இருக்கும்.

குறுகிய இடங்களில் ஆட்டப் பந்தை எடுக்கவே கூடாது. துளையிட்ட பிளாஸ்டிக் பந்துகள் அங்கே மிக நன்றாகப் பயன்படும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அவை சில மீட்டர் தொலைவிலேயே தளர்ந்து விழுந்துவிடும். 12 அங்குல அளவிலேயே ஒரு டஜன் வாங்குங்கள். அதனுடன் கோல்ஃப் பந்தின் அளவில் வரும் சிறிய துளைப் பந்துகளும் சில இருந்தால், அவற்றை மெல்லிய கம்பால் அடித்துப் பழகும் பிள்ளையின் கண், பெரிய பந்தை இன்னும் தெளிவாகப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிளாஸ்டிக் பந்துகளிடம் ஒரு குறையும் உண்டு: எடை இல்லாததால், மட்டையில் பந்து படும் கணத்தில் மணிக்கட்டு தளர்ந்திருந்தாலும் அது தெரியாமலே போய்விடும். எனவே வாரத்தில் ஒரு முறையாவது உண்மையான எடையுள்ள பந்தை வலைக்குள் அடிக்க வழி செய்ய வேண்டும். பந்தை நிறுத்தி வைக்கும் டீயும் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு நல்ல வலையும் இருந்தால் அது போதும்.

திடலுக்கு எடுத்துச் செல்லும் பந்துகளில், மட்டையடிப் பயிற்சிக்குச் செயற்கைத் தோல் பந்துகளையே நான் பரிந்துரைப்பேன். மழைக்குப் பிந்திய புல்லில் உருளும் தோல் பந்து நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும். கனத்த பந்தை மீண்டும் மீண்டும் அடிப்பது பிள்ளையின் மணிக்கட்டுக்கும் மட்டைக்கும் ஒருசேரக் கேடு. ஐயம் வந்தால் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 198 கிராமைத் தாண்டிய பந்தை எறிந்து பிடிக்கும் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம். தோல் பந்துகளைப் போட்டிக்கு முந்திய வாரங்களுக்கென்று உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள்.

பந்தெறி இயந்திரத்தில் போடுவதற்கென்று தையல் இல்லாமல், மேற்பரப்பெங்கும் சிறு குழிகளுடன் வரும் பந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவை நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தைப் பொருட்படுத்தா. ஆனால் ஆட்டப் பந்தைவிடக் கடினமானவை. கார்பன் இழையால் செய்த கம்போசிட் மட்டைகளால் இவற்றை அடிக்க வேண்டாம் என்று மட்டை உற்பத்தியாளர்கள் பலரும் எச்சரிக்கிறார்கள். இயந்திரப் பயிற்சி உண்டு என்றால் அதற்குத் தனி மட்டை வேண்டும் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

மூன்றாம் படி: மட்டையின் நீளமும் எடையும்

வேகப் பந்தெறி சாஃப்ட்பாலில் மட்டையின் நீளம் 34 அங்குலத்தையும், பருத்த பகுதியின் விட்டம் 2.25 அங்குலத்தையும் தாண்டக்கூடாது. பேஸ்பால் மட்டைகளில் பெரும்பாலானவை இதைவிடப் பருமனானவை. ஆகவே கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னாலும், மட்டையின் மேல் சாஃப்ட்பால் என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளத்தைக் கண்டறிய, பிள்ளையை நேராக நிற்கச் சொல்லி, மட்டையின் நுனியைத் தரையில் ஊன்றிக் காலோடு ஒட்டி நிறுத்துங்கள். தொங்கவிட்ட கையின் உள்ளங்கை நடுவில் கைப்பிடியின் குமிழ் வந்து தொட்டால் நீளம் ஏறக்குறையச் சரி. இடைநிலைப்பள்ளி மாணவியர் பலருக்கு 31 முதல் 33 அங்குலம் வரை பொருந்தும். அடுத்த ஆண்டு வளர்ந்துவிடுவாள் என்று இரண்டு அங்குலம் கூட்டி வாங்குவது பள்ளிச் சீருடைக்கு வேண்டுமானால் சரியாகலாம், மட்டைக்குச் சரிவராது. நீளம் கூடிய மட்டையைச் சுழற்றும் பிள்ளை முழங்கையை உடலிலிருந்து விலக்கி, பந்தைச் சுற்றி வளைத்து அடிக்கப் பழகிக்கொள்வாள். அந்தப் பழக்கத்தைப் பின்னர் அழிப்பது பெரும்பாடு.

எடையை மட்டையின் மேல் இருக்கும் கழித்தல் குறியோடு கூடிய எண் சொல்லும். அங்குலத்தில் உள்ள நீளத்துக்கும் அவுன்சில் உள்ள எடைக்கும் இடையிலான வேறுபாடே அது. 32 அங்குல மட்டையில் -10 என்றிருந்தால் எடை 22 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 624 கிராம். அதே நீளத்தில் -12 என்றால் 20 அவுன்ஸ், 567 கிராம். தொடக்க நிலையில் -10 முதல் -12 வரை உள்ளவற்றில் தேடுங்கள். மட்டையை ஒரே கையால் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். 20 விநாடிக்குள் நுனி தாழ்ந்துவிட்டால் அந்த மட்டை இப்போதைக்குக் கனம். எடை முழுவதும் சீராகப் பரவிய மட்டையும் உண்டு, நுனியில் கனம் கூட்டிய மட்டையும் உண்டு. தராசில் இரண்டும் ஒன்றாகவே நிற்கும், சுழற்றும்போதுதான் வேறுபாடு தெரியும். புதியவர்களுக்கு முதல் வகையே ஏற்றது.

நான்காம் படி: எதனால் செய்த மட்டை?

இங்கே தேர்வு சுருக்கமானது. அலுமினியக் கலவை மட்டை வாங்கிய நாளிலிருந்தே முழுப் பயன் தரும், கடினமான பந்தைத் தாங்கும், அடிபட்டால் நெளிந்து தன் குறையை வெளியே காட்டும், விலையும் குறைவு. கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்துச் செய்யும் கம்போசிட் மட்டையில் பந்து நன்றாகப் பாயும், கையில் அதிர்வும் குறைவு. ஆனால் விலை பல மடங்கு. அத்துடன் பெரும்பாலான கம்போசிட் மட்டைகளை, ஒவ்வொரு அடிக்கும் சிறிது திருப்பித் திருப்பி, ஆட்டப் பந்தால் 150 முதல் 200 முறை வரை அடித்துப் பழக்கிய பிறகே அவற்றின் முழு வலிமை வெளிப்படும். முதல் மட்டை அலுமினியமாகவே இருக்கட்டும். பிள்ளை போட்டி ஆடும் நிலைக்கு வந்த பின் கம்போசிட் வாங்கினாலும் பயிற்சிக்கு இந்த அலுமினிய மட்டையே தொடரலாம்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருள்களை விற்கும் பண்டல் கடைகளில் நல்ல மட்டைகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. மிசுனோ, எஸ்.எஸ்.கே. போன்ற பெயர்களைப் பார்த்தவுடன் எடுத்துவிடாதீர்கள். ஜப்பானில் ரப்பர்ப் பந்தால் ஆடும் சாஃப்ட்பாலும் ரப்பர்ப் பந்தால் ஆடும் பேஸ்பாலும் பரவலாக உள்ளன. அவற்றுக்கென்று செய்த மட்டை தோல் பந்தின் தாக்குதலைத் தாங்காமல் நெளிந்துவிடலாம். JSBB என்ற ஆங்கில எழுத்துகள் கொண்ட முத்திரை இருந்தால் அது ரப்பர் பேஸ்பாலுக்குரியது; அதை விட்டுவிடுங்கள். எழுத்துகள் புரியாவிட்டால் கைப்பேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

பழைய மட்டையின் பருத்த பகுதியை விரல் நகத்தால் மெல்ல வருடி விரிசல் தட்டுகிறதா என்று பாருங்கள். காதருகே வைத்து ஆட்டும்போது உள்ளே ஏதேனும் கலகலத்தாலோ, கைப்பிடியையும் பருத்த பகுதியையும் எதிரெதிராகத் திருகும்போது அசைவு தெரிந்தாலோ வாங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: வாங்கிய பின்

குளிரில் கம்போசிட் மட்டை விரிசல் விடும் என்று உற்பத்தியாளர்கள் எச்சரிப்பது நம் ஊருக்குப் பொருந்தாது; நமக்குக் கவலை வெயிலும் வியர்வையும்தான். நண்பகல் வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டிக்குள் பந்துகளை விட்டுவைத்தால் உள்ளீடு சூடேறி இளகும், அன்று மாலை அவை வழக்கம்போல் பாயமாட்டா. பயிற்சி முடிந்ததும் பந்துகளைத் துடைத்துக் காற்றாடும் வலைப்பையில் போடுங்கள். கைப்பிடியில் சுற்றிய பட்டை வியர்வையில் வழுக்கத் தொடங்கினால் உடனே மாற்றிவிடுங்கள். ஈரக் கையிலிருந்து நழுவும் மட்டை அருகில் நிற்பவர்மேல் பாயும்.

மாதம் ஒரு முறை, டீயில் வைத்த பந்தை நிதானமாக அடிக்கச் செய்து ஓசையைக் கேளுங்கள். எப்போதும் கணீரென்று ஒலித்த அலுமினிய மட்டை திடீரென மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் விழுந்திருக்க வாய்ப்புண்டு. விரிசலைக் கண்டால் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் அந்த மட்டையை அன்றே ஒதுக்கிவிடுங்கள். உடையும் மட்டையின் துண்டு எதிரே பந்து எறிபவரை நோக்கியே பறக்கக்கூடும். நெருங்கி நின்று பந்து போட்டுத் தருபவராக அங்கே இருப்பது பெரும்பாலும் இன்னொரு மாணவியோ உடன் வந்த பெற்றோரோதான்.