பரணில் கிடைத்த ஜப்பானியக் கொடி: செய்யக் கூடாத தவறுகள்

அமெரிக்காவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறார்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியின் அடியில் மடித்து வைத்த ஒரு வெள்ளைத் துணி. பிரித்தால் நடுவில் சிவப்பு வட்டம், அதைச் சுற்றிச் சூரியக் கதிர்கள்போல் கறுப்பு மையில் ஜப்பானிய எழுத்துகள். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் முனைக்குப் போன தாத்தா கொண்டுவந்தது. அவர் போய்விட்டார், பேரப்பிள்ளைகளுக்கு இதை என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்படிப்பட்ட கொடிகள் பழம்பொருள் சந்தைக்கும் ஏலத்துக்கும் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே வாழும் நம்மவர்கள் சிலர் வாங்கியும் இருக்கலாம். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், கீழே சொல்லும் தவறுகளைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடிப்படைத் தவறு, அதைப் படைக்கொடி என்று நினைப்பது. ஜப்பானியப் படைப்பிரிவுகளின் அதிகாரபூர்வக் கொடிகள் வேறு. அவை எதிரி கையில் சிக்கக் கூடாது என்று பெரும்பாலும் எரிக்கப்பட்டன. பெட்டியில் இருக்கும் இந்தத் துணிக்கு ‘யோசெகாகி ஹினோமாரு’ என்று பெயர். பலர் சேர்ந்து எழுதிய சூரியக்கொடி என்று பொருள் சொல்லலாம். ஒரு பையன் போருக்குப் புறப்படும்போது அப்பா, அம்மா, தம்பி தங்கைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பள்ளி ஆசிரியர், கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அதில் தூரிகையால் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். பல கொடிகளில் ‘புஉன் சோக்யூ’ என்ற நான்கு எழுத்துகள் பெரிதாக இருக்கும். போர்முனையில் உன் நல்லநேரம் நீடிக்கட்டும் என்ற வாழ்த்து அது. அந்தப் பையன் அதை மடித்து உடம்போடு வைத்துக்கொண்டு போவான்.

கூடவே ‘சென்னின்பாரி’ என்ற இடுப்புத் துணியும் கிடைக்கலாம். அம்மாவோ மனைவியோ அக்காவோ தெருவில் நின்று, போகிற வருகிற பெண்களிடம் ஆளுக்கொரு சிவப்பு முடிச்சு போடச் சொல்லி, ஆயிரம் முடிச்சு சேர்த்தது. சிலவற்றில் 5 சென் காசு ஒன்றைத் தைத்திருப்பார்கள். நான்கு சென் என்பதற்கான ‘ஷிசென்’ என்ற ஒலியே சாவின் எல்லைக்கோட்டையும் குறிக்கும். ஐந்து, நான்கைத் தாண்டியது. பிள்ளை சாவைத் தாண்டி வரட்டும் என்பது அதன் நம்பிக்கை. நம் ஊரில் பிள்ளைக்குக் கட்டி அனுப்பும் தாயத்து மாதிரி.

அமெரிக்க வீரர்கள் இதை ஏன் எடுத்தார்கள்? இறந்தவர்களின் சட்டைப்பையில் வரைபடமோ ஆவணமோ இருக்கிறதா என்று தேடுவது வழக்கம், அப்போது கொடியும் கையில் வந்தது. எடை இல்லாதது, எளிதாக மடித்து வைக்கலாம். ஊருக்குக் காட்ட ஒரு அத்தாட்சி. முகாமில் சிகரெட்டுக்கும் மதுவுக்கும் மாற்றிக்கொள்ளவும் உதவியது. கிராக்கி அதிகமானதும், சண்டை நடந்த இடத்துக்கே வராத மாலுமிகளிடம் விற்பதற்காகப் போலிக் கொடிகள் போர்க்காலத்திலேயே செய்யப்பட்டன. எனவே கையில் இருப்பதெல்லாம் அசல் என்று நம்புவதும் ஒரு தவறுதான். ஜப்பானிய மொழி தெரிந்தவர் பார்த்தால், அர்த்தமே இல்லாத கிறுக்கலா, உண்மையான பெயர்களா என்று சொல்லிவிடுவார்.

அடுத்தது துவைப்பது. கறை இருக்கிறது, மடிப்பு இருக்கிறது என்று சோப்புத் தண்ணீரில் போடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். பட்டுத் துணியாக இருந்தால் இழை நைந்துபோயிருக்கும், சிவப்புச் சாயம் கசியலாம். அந்தக் கறை என்னவென்று நாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதை அழிக்கும் உரிமையும் நமக்கு இல்லை. ஒட்டுநாடா, லேமினேஷன், வெயில்படும் சுவரில் கண்ணாடிச் சட்டம் எதுவும் வேண்டாம். அமிலமில்லாத காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, வெளிச்சம் படாத உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும். இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தெரியும் சின்ன முத்திரை ஒரு கோயிலுடையதாக இருக்கலாம், ஊரைக் கண்டுபிடிக்க அதுவே துப்பாகலாம்.

பெட்டியில் இருப்பது வாளாக இருந்தால் துருவைத் தேய்ப்பது பெரிய நாசம். பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில்தான் செய்தவர் கையெழுத்து இருக்கும், அங்கே படிந்த கருந்துருவை வைத்துத்தான் வாளின் வயதைக் கணிக்கிறார்கள். தொழிற்சாலையில் செய்த ராணுவ வாள்களே அதிகம். ஆனால் சில அதிகாரிகள் குடும்பத்தின் நூற்றாண்டு பழமையான வாளுக்கு ராணுவ உறை போட்டு எடுத்துப் போனார்கள். இரண்டையும் பார்த்தவுடன் பிரித்தறிய முடியாது. அதேபோல, நல்ல மனதோடு வாளை நேராக ஜப்பானுக்கு அஞ்சலில் அனுப்பிவிடவும் கூடாது. அந்நாட்டுச் சட்டப்படி மரபுமுறையில் செய்த வாளுக்கு மட்டுமே பதிவு கிடைக்கும், தொழிற்சாலை வாள் பறிமுதலாகிவிடும்.

பெட்டியில் கையெறி குண்டு இருந்தால் ‘இத்தனை வருஷமாக வெடிக்கவில்லையே’ என்று தூக்கிப் பார்க்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டுக் காவல்துறையை அழையுங்கள்.

மண்டையோடும் பல்லும்கூடச் சில பெட்டிகளில் இருந்திருக்கின்றன. எழுதவே கை கூசுகிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. எதிரியின் உடலின் எந்தப் பகுதியையும் நினைவுப்பொருளாக எடுக்கக் கூடாது என்று அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தலைமை 1942 செப்டம்பரிலேயே உத்தரவு போட்டது. அப்படியும் நிற்கவில்லை. 1944இல் ஜப்பானிய வீரர் ஒருவரின் கை எலும்பில் செய்த, கடித உறையைக் கிழிக்கும் கத்தியை நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே பரிசாகக் கொடுத்தார். ரூஸ்வெல்ட் அதைத் திருப்பி அனுப்பி, முறையாக அடக்கம் செய்யச் சொன்னார். எலும்பு கிடைத்தால் விற்காதீர்கள், புதைக்காதீர்கள், காவல்துறையிடம் சொல்லுங்கள்.

‘போரில் எடுத்தது ஜெயித்தவனுக்குச் சொந்தம்’ என்ற பேச்சும் பாதிதான் சரி. எதிரி ராணுவத்தின் ஆயுதம், தளவாடம் ஒரு வகை. இறந்தவரின் சொந்தப் பொருள் வேறு வகை. இறந்தவர்களைக் கொள்ளையிடாமல் காக்க வேண்டும், அவர்களிடம் கிடைக்கும் தனிப்பட்ட பொருள்களைச் சேகரித்து எதிர்த் தரப்புக்கு அனுப்ப வேண்டும் என்று 1929இன் ஜெனீவா உடன்படிக்கையே சொல்லியிருந்தது. 1949இல் அது இன்னும் விரிவாக எழுதப்பட்டது.

அதற்காகத் தாத்தாவைக் குற்றவாளியாக்கி, வெட்கப்பட்டுக் கொடியைக் குப்பையில் போடுவதும் தவறு. பக்கத்தில் நண்பன் செத்துக் கிடக்க, இருபது வயதில் அந்தத் தீவில் நின்ற ஒருவரை இங்கே உட்கார்ந்து நாம் எடைபோட முடியாது. பலர் அதை எடுத்த நாளிலிருந்தே மன உறுத்தலோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியப் படை போட்ட சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்களை அங்கே கொண்டுபோன படையின் சிப்பாய்க்காக நாம் ஏன் உருக வேண்டும்? நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: கொடியில் பெயர் எழுதியவர்கள் அந்த ரயில்பாதையைப் போடவில்லை. போன பிள்ளை திரும்பாமல், எங்கே செத்தான் என்றும் தெரியாமல் காத்திருந்த வீடுகள் நம் பக்கத்திலும் இருந்தன. அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு வீட்டை ஏன் காக்க வைக்க வேண்டும்?

ஜப்பானில் அப்படிக் காத்திருந்த வீடுகள் ஏராளம். தாய்நாட்டுக்கு வெளியே இறந்த ஜப்பானியர்கள் சுமார் 24 லட்சம், அவர்களில் சுமார் 11 லட்சம் பேரின் எச்சங்கள் இன்றுவரை ஊர் திரும்பவில்லை. பல குடும்பங்களுக்கு ஒரு மரப்பெட்டிதான் வந்தது. உள்ளே கல்லோ மண்ணோ பெயர் எழுதிய ஒரு சீட்டோ. அதனால் இந்தக் கொடியை ஏலத்தில் போடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் கொடிய தவறு என்பேன். நூறு டாலரோ ஐந்நூறு டாலரோ வரலாம். விற்றபின் அது யாரோ ஒருவரின் அலமாரிக்குள் போய்விடும், தேடும் வழி அடைந்துவிடும்.

திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் அஸ்டோரியா என்ற சிற்றூரில் ரெக்ஸ் சியாக், கேகோ சியாக் தம்பதி நடத்தும் ஓபோன் சொசைட்டி, கொடியில் உள்ள பெயர்களை வைத்துக் குடும்பத்தைத் தேடித் தருகிறது. கேகோவின் தாத்தா பர்மாவில் இறந்தவர். அவருடைய கொடி 2007இல் அவர்கள் வீடு வந்து சேர்ந்ததுதான் இந்த வேலைக்கு வித்து. எல்லாக் கொடிக்கும் உடனே விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல கொடிகளில் ஊர்ப் பெயரே இருக்காது. கண்டுபிடித்தாலும், வேண்டாம் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. அதையும் மதிக்க வேண்டும்.

கடைசியாக, தாத்தா உயிரோடு இருந்தால் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். எந்தத் தீவு, எந்த மாதம், எந்தப் படைப்பிரிவு, எப்படிக் கிடைத்தது. பேச மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், இன்னொரு நாள் கேளுங்கள். மார்வின் ஸ்ட்ரோம்போ என்ற அமெரிக்க மரைன் வீரர் 1944இல் சைபன் தீவில் எடுத்த கொடியை, 2017 ஆகஸ்டில், தன் 93ஆம் வயதில், ஜப்பானின் ஹிகாஷிஷிராகாவா என்ற மலைக்கிராமத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். இறந்தவரின் பெயர் சதாவோ யசூவே. அவர் வீட்டுக்கும் மரப்பெட்டியில் சில கற்கள்தான் வந்திருந்தன. 89 வயதுத் தம்பி கொடியில் முகம் புதைத்து மோந்து பார்த்தார். ஸ்ட்ரோம்போ அவர்களிடம் இன்னொன்றையும் கொடுத்தார். சைபனின் கராபன் நகரின் ஓரத்தில்தான் உங்கள் அண்ணனைப் பார்த்தேன், உடம்பில் காயமே தெரியவில்லை, தூங்குவதுபோல் இருந்தார் என்று சொன்னார். எங்கே, எப்படி இறந்தார் என்பது அந்த வீட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.