குவாதலூப் போகிறீர்களா? விசாவில் தொடங்குங்கள்

கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். செலவழிப்பது யூரோ. ஆனால் அந்தத் தீவு, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. இந்தியப் பாஸ்போர்ட்டில் வெறும் ஷெங்கன் விசாவோடு கிளம்பினால் விமானத்தில் ஏறும் முன்பே நிறுத்திவிடலாம். விண்ணப்பிக்கும்போதே போகும் இடம் குவாதலூப் என்று குறிப்பிட்டு, கடல்கடந்த பிரெஞ்சு மாவட்டங்களில் செல்லுபடியாகும் விசாவைக் கேட்டு வாங்குங்கள். பாரிஸில் வெளியே வந்து விமானம் மாறுவதாக இருந்தால் ஷெங்கன் விசாவும் வேண்டும். அதுவும் ஒருமுறை நுழையும் விசா போதாது. தீவிலிருந்து பாரிஸ் திரும்புவது இரண்டாவது நுழைவாகக் கணக்காகும்.

இந்தியாவிலிருந்து போகும் விமானம் பாரிஸின் சார்ல் த கோல் நிலையத்தில் இறங்கும். குவாதலூப் விமானங்களில் பல, நகரின் மறுபக்கம் உள்ள ஓர்லியிலிருந்து புறப்படுகின்றன. பெட்டியை எடுத்துக்கொண்டு ஊரைக் கடக்க வேண்டும். இடையில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். ஓர் இரவு தங்குவது இன்னும் நல்லது. அங்கிருந்து தீவுக்குச் சுமார் எட்டரை மணி நேரம்.

வரைபடத்தில் தீவு பட்டாம்பூச்சிபோல இருக்கும். மேற்குச் சிறகு பாஸ்-தேர், கிழக்குச் சிறகு கிராந்த்-தேர். நடுவே உப்பாறு என்று பொருள்படும் ரிவியேர் சலே என்னும் கடல்நீர்க் கால்வாய். பெயரை நம்பி ஏமாற வேண்டாம். 'தாழ்ந்த நிலம்' என்ற பாஸ்-தேரில்தான் 1,467 மீட்டர் சூஃப்ரியேர் எரிமலை நிற்கிறது. கப்பலோட்டிகள் பேச்சில் 'தாழ்ந்த' என்றால் காற்று மறைவான பக்கம். 'பெரிய நிலம்' என்ற கிராந்த்-தேர் அதைவிடச் சிறியது. சுண்ணாம்புப் பாறையும் கரும்புக் காடும் வெண்மணல் கடற்கரையும் கொண்ட தட்டை நிலம். காலை மாலைகளில், இரண்டு சிறகுகளும் சேரும் இடத்தில் உள்ள புவான்த்-ஆ-பித்ர் நகரைச் சுற்றிச் சாலை நெரிசலாகும். அதனால் ஒரே இடத்தில் தங்கி இரண்டு சிறகுகளையும் பார்க்க முயலாமல், தங்கும் நாட்களில் பாதியை இங்கும் பாதியை அங்குமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று பஸ் மிக அரிது. வாடகைக் கார் இல்லாமல் முடியாது. வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் முன்பே சொல்லிவையுங்கள்.

போக ஏற்ற காலம் டிசம்பர் முதல் மே வரை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம்.

சூஃப்ரியேர் ஏற பேன்-ஜோன் வண்டி நிறுத்தத்தில் காலை ஆறரைக்கே இருங்கள். பிந்தினால் உச்சியை மேகம் மூடிவிடும். ஏற இரண்டு மணி நேரம். மழைச் சட்டையும் பிடிப்புள்ள காலணியும் கட்டாயம். மேலே கந்தக வாடையோடு குளிர்காற்று அறையும். தடை போட்ட இடத்தைத் தாண்டாதீர்கள், அங்கே வரும் வாயு நச்சு. 1976இல் இந்த மலை குமுறியபோது எழுபதாயிரத்துக்கும் அதிகமானோரை வெளியேற்றினார்கள். இறங்கி வந்ததும் பேன்-ஜோனில் உள்ள வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் கால்களை நனைத்தால் இதமாக இருக்கும்.

அதே மலையடிவாரத்தில் மாத்தூபா. நெப்போலியன் ஆட்சி அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவரப் படை அனுப்பியபோது, 1802 மே 28 அன்று, அதை எதிர்த்துப் போராடிய படை அதிகாரி லூயி தெல்க்ரேஸும் தோழர்களும் சரணடைய மறுத்து வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்ட இடம் அது. அடிமைமுறை 1848இல்தான் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களில் ஆள் குறைய, 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை வந்தவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறிய தமிழர் அவர்களில் ஏராளம். அவர்கள் வழிவந்தோர் வணங்கும் மாரியம்மனைக் கபெஸ்தேர்-பெல்-ஓ ஊரின் ஷாங்கி கோயிலில், பெருஞ்சாலை ஓரத்திலேயே பார்க்கலாம். செருப்பைக் கழற்றுங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். உணவகங்களில் 'கொலொம்போ' என்றிருப்பது நம் குழம்பின் வழிவந்த மசாலாக் கறி. பெரும்பாலும் ஆடு அல்லது கோழி. சைவமா என்று கேட்டு வாங்குங்கள்.

கடற்கரையில் பச்சை ஆப்பிள்போல் சிறு பழங்கள் உதிர்ந்து கிடக்கும் மான்சனியே மரத்தடிக்குப் போகாதீர்கள். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள், எல்லாவற்றிலும் இருக்காது. பழம் நஞ்சு. மழைக்கு ஒதுங்கினால் இலையில் வழியும் நீரே தோலைக் கொப்புளமாக்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீரில் கழுவி, அவசர மருத்துவ உதவி எண்ணான 15ஐ அழையுங்கள்.