இடுப்பு வலிக்கு டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

குனிந்து எதையோ எடுக்கும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்துக்கொள்கிறது, நிமிர முடியவில்லை. ஓட வேண்டுமா, பொறுத்துப் பார்க்கலாமா? பெரும்பாலோர் வலியின் கடுமையை வைத்துத்தான் இதை முடிவு செய்கிறார்கள். அந்த அளவுகோல் சரியாக வராது. வெறும் தசைப்பிடிப்பே ஆளைக் கத்த வைக்கும். ஆனால் நரம்பு நசுங்கிச் செயலிழக்கும்போது சில சமயம் வலி குறைந்தே போகும். வலியோடு வேறு என்ன சேர்ந்து வருகிறது, வலி எந்தப் பக்கம் நகர்கிறது, நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இடுப்பு வலி வரும் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சுட்டிக்காட்டவே முடியாது. அவர்களில் பெரும்பாலோருக்கு 4 முதல் 6 வாரங்களுக்குள் வலி வெகுவாகத் தணிந்துவிடும். மிச்சமுள்ள சிலரை அடையாளம் காண்பதற்குத்தான் கீழே உள்ளவை.

இரவானாலும் உடனே கிளம்ப வேண்டியவை

தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அருகில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலக் கற்றையாக இறங்குகின்றன. சிறுநீர், மலம், பாலுறுப்புகளின் உணர்வு எல்லாம் இந்தக் கற்றை வழியாகத்தான். முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் பெரிய துண்டு ஒன்று பிதுங்கி இதை மொத்தமாக அழுத்தினால், சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பில் முடியலாம். எனவே இடுப்பு வலியோ கால் வலியோ கடுமையாக இருக்கும் நாட்களில் இவற்றைக் கவனியுங்கள்:

- மலம் கழித்துச் சுத்தம் செய்யும்போது கை படுவது இரண்டு பக்கமும் வழக்கம்போலத் தெரிகிறதா? சைக்கிள் சீட் படும் இடம் மரத்திருந்தால் ஆபத்து.
- சிறுநீர் போகும் உணர்வு தெரிகிறதா? வயிறு முட்டியும் வராமல் இருப்பது, முக்கினால்தான் வருவது, தெரியாமல் கசிவது மூன்றும் ஒரே எச்சரிக்கைதான்.
- மலத்தை அடக்க முடியாமல் போகிறதா? பாலுறுப்பில் உணர்வு புதிதாகக் குறைந்திருக்கிறதா?
- வலியோ பலவீனமோ ஒரு காலிலிருந்து இரண்டு காலுக்கும் பரவியிருக்கிறதா?

இவற்றில் ஒன்று வழக்கத்துக்கு மாறாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே "இடுப்பு வலி" என்று ஆரம்பித்தால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "சிறுநீர் போகவில்லை, அடியில் மரத்திருக்கிறது" என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். கூச்சத்தால் இதைக் கடைசியில் சொல்பவர்களும், சொல்லாமலே திரும்பிவிடுபவர்களும் நிறைய. வலிக்குத் தரப்படும் டிரமடால், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளும் சிறுநீரை அடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதனால்தான் அடைத்திருக்கிறது என்று வீட்டிலிருந்தபடி முடிவு கட்ட முடியாது.

60 வயதைத் தாண்டியவருக்கு, அதிலும் புகைபிடிப்பவருக்கு அல்லது ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு, வயிற்றிலும் முதுகிலும் திடீரெனக் கிழிப்பதுபோல வலித்து வியர்வையும் மயக்கமும் வந்தால், வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடிக்கிற சாத்தியம் உண்டு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. உயரத்திலிருந்து விழுந்தோ விபத்திலோ வந்த வலியென்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். படுத்த இடத்திலேயே அசையாமல் இருக்க வைத்து உதவியை அழையுங்கள்.

காய்ச்சலோடு புதிதாக முதுகு வலி வந்தால் அன்றே போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சமீபத்தில் முதுகில் ஊசியோ அறுவை சிகிச்சையோ செய்துகொண்டவர்கள் இதில் இரட்டைக் கவனம் வைக்கட்டும். முள்ளெலும்பைச் சுற்றிச் சீழ் கட்டினாலும் ஆரம்பத்தில் சாதாரண வலி போலத்தான் இருக்கும். பாராசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டுமே காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், மாத்திரை போடுவதற்கு முன்பே வெப்பநிலையைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

கால் வலிக்கிறதா, கால் பலம் இழக்கிறதா?

பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் பாய்வதுபோல இழுப்பது, இருமினால் தும்மினால் கூடுவது சயாட்டிகாவின் அடையாளம். பொறுக்க முடியாத வலிதான், ஆனாலும் பலருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும். இங்கே அவசரத்தைத் தீர்மானிப்பது தசையின் பலம். சுவரருகே நின்று தினமும் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்:

1. முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் மட்டும் பத்து அடி நடங்கள். ஒரு பாதம் நிற்காமல் தரையில் விழுந்தால் ஐந்தாவது இடுப்பு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.
2. சுவரில் விரலை ஊன்றி, ஒற்றைக் காலில் நின்று பத்து முறை குதிகாலை உயர்த்துங்கள். ஒரு கால் பத்தையும் முடிக்க, இன்னொன்று இரண்டு மூன்றிலேயே தளர்ந்தால் முதல் திருவெலும்பு (இடுப்பு முள்ளெலும்புகளுக்குக் கீழே உள்ள எலும்பு) நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.
3. உட்கார்ந்து இரண்டு பெருவிரல்களையும் மேலே தூக்கி, கைவிரலால் கீழே அழுத்துங்கள். எந்தப் பக்கம் சுலபமாக அமுங்குகிறது என்று ஒப்பிடுங்கள்.
4. நாற்காலியிலிருந்து எழும்போதோ படி ஏறும்போதோ முழங்கால் மடங்கிப்போகிறதா என்று கவனியுங்கள்.

வலிக்குப் பயந்து காலை நிறுத்துவது வேறு, முயன்றும் தசை தூக்காமல் இருப்பது வேறு. தூக்கவில்லை என்றால் அது பலவீனம். பாதம் தொங்கி விரல் தரையில் தட்டினாலோ, செருப்பு தானாகக் கழன்றாலோ, நேற்றைவிட இன்று பலம் குறைந்திருந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பலவீனம் லேசானது, கூடவில்லை என்றால் ஓரிரு நாளில் போகலாம். காலில் மரத்துப்போவது மட்டும் இருந்தால் ஒரு வாரம் தாண்ட விடாதீர்கள்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. கால் வலி மேலேறி இடுப்போடு நின்றுவிட்டால், இடுப்பு முன்னைவிட அதிகமாக வலித்தாலும் அது பொதுவாக நல்ல அறிகுறி. கால் வலி சட்டென்று மறைந்து, அதே காலில் மரப்பும் பலவீனமும் கூடினால், குணமாகிவிட்டது என்று நிம்மதி அடையக் கூடாது.

சில நாட்களுக்குள் போக வேண்டியவை

முன்பு புற்றுநோய் வந்தவர்கள், குறிப்பாக மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு புற்று வந்தவர்கள், புதிதாக வரும் முதுகு வலியை வயதின் மேல் போட்டுவிடக் கூடாது. படுத்தாலும் தணியாமல் இரவில் எழுப்பும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் இருப்பது ஆகியவையும் அப்படித்தான். முதுகெலும்பில் காசநோய் வந்தால் இப்படித்தான் மெல்ல மெல்ல வரும்.

எலும்பு பலவீனம் உள்ளவர்களுக்கும் மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் கால் இடறினாலே முள்ளெலும்பு நொறுங்கலாம். நடுமுதுகெலும்பில் ஒரே இடத்தைத் தொட்டால் வலி தெறிக்கும், ஆள் உயரம் குறைந்தது போலத் தெரியும்.

வலிக்கும் ஒரு பக்கத்தில் எரிச்சலும் அதன்மேல் கொப்புளங்களும் தோன்றினால் அது அக்கி. வைரஸ் மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். சிறுநீரகக் கல் வலிக்காரர் எந்த நிலையிலும் அமைதி காணாமல் புரண்டுகொண்டும் நடந்துகொண்டும் இருப்பார், தசைப்பிடிப்புக்காரர் அசையாமல் கிடந்தால் நிம்மதி காண்பார். கல் வலியோடு காய்ச்சலும் வந்தால் அது அவசரம். கர்ப்பிணிகளுக்கு 37 வாரத்துக்கு முன் இடுப்பு வலி விட்டு விட்டு ஒரு தாளத்தில் வந்தால், அது பிரசவ வலியாகவும் இருக்கலாம், உடனே போங்கள். சிறு பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு முதுகு வலிக்கிறது என்று சொன்னால் காத்திருக்காதீர்கள்.

சத்தமில்லாமல் வருடக்கணக்கில் தவறவிடப்படும் வகை ஒன்றும் உண்டு. 40 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருக்கும். ஓய்வெடுத்தால் கூடும், நடமாடினால் குறையும், பின்னிரவில் எழுப்பிவிடும். இது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். அவசரம் இல்லை, ஆனால் மூட்டுவாத மருத்துவரிடம் போக வேண்டியது. கண் சிவந்து வலித்ததோ சோரியாசிஸோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மற்றவர்கள் எப்படிக் காத்திருப்பது?

படுக்கை ஓய்வு ஓரிரு நாள் போதும், அதற்கு மேல் படுத்தால் தசை தளர்ந்து எழுவது இன்னும் கடினமாகும். வீட்டுக்குள்ளேயே பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம். சூடு ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம் கொடுக்கலாம். மல்லாந்தால் முழங்காலுக்கு அடியிலும், ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இபுபுரூஃபன் 400 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின், நாளுக்கு மூன்றுக்கு மிகாமல், சில நாட்கள் எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இரண்டு வாரத்தில் துளியும் மாற்றமில்லை என்றால் போங்கள். குறைந்துகொண்டே வந்தாலும் ஆறு வாரம் கழித்து மிச்சம் இருந்தால் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. வலியால் தொடர்ந்து மூன்று இரவு தூக்கமில்லை என்றால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் அதுவே போதுமான காரணம்.

எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டே போகலாமே என்று தோன்றும். மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லாதபோது முதல் ஆறு வாரத்தில் அது உதவுவதைவிடக் குழப்புவதே அதிகம். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் பத்தில் மூன்று பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும், 80 வயதில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். எக்ஸ்ரேயில் டிஸ்க்கும் நரம்பும் தெரியவே தெரியாது.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியில் எப்படித் தொடங்கியது, எது வரை பரவுகிறது, எப்போது கூடுகிறது, மேலே உள்ள நான்கு சோதனைகளின் முடிவு, எடுக்கும் எல்லா மாத்திரைகளும், பெயர் தெரியாத வலி மாத்திரைகள் உட்பட. முதலில் பொது மருத்துவரே போதும். கால் வலியும் இருந்தால், அவர் காலை நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும், முழங்காலிலும் கணுக்காலிலும் தட்டிப் பார்க்க வேண்டும், பாதத்தின் பலத்தையும் உணர்வையும் சோதிக்க வேண்டும். இவை எதுவும் செய்யாமல் ஸ்கேன் சீட்டு மட்டும் கைக்கு வந்தால், "காலைச் சோதித்துப் பார்க்கிறீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.